இடறித் துடிக்கும் இதயமும் பார்சலில் வந்த குளிசையும்

அக்கராயனில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் போன மாரியில் இருந்து நெஞ்சுக்குள் ஒரு தொல்லை. "அடிச்சுக்கொண்டிருக்கிறது ஒருக்கா நிண்டு போகுது பிள்ளை. பிறகு திடுக்கெண்டு ஒரு இடி" என்று தொலைபேசியில் சொன்னார். பகலில் தோட்டத்தில் நிற்கும்போது ஒன்றும் தெரியாதாம். இரவு இடப்பக்கம் சரிந்து படுத்தால் தொடங்கிவிடும். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை.

கனடாவில் இருக்கும் அவருடைய தம்பிக்கும் நெஞ்சுப் படபடப்பு உண்டு. தான் பாவிக்கும் குளிசையில் மூன்று அட்டையைச் சொக்லேற்றோடும் சவர்க்காரத்தோடும் பார்சலில் போட்டு அனுப்பியிருந்தார். நான் ஊருக்குப் போனபோது அதில் இரண்டு அட்டை சாமித்தட்டில் பிரிக்காமல் இருந்தது. மற்ற அட்டையைப் பக்கத்துக் காணி ஐயா வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னர் மாரடைப்பு வந்து பிழைத்தவர் அவர். தனக்கும் அப்படித்தான் இடிக்கிறது என்று கேட்டாராம்.

அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தேன். பிளெக்கேனைட்.

இந்தப் பெயரைச் சுற்றி இதய மருத்துவத்தில் ஒரு பெரிய கதை இருக்கிறது. அதற்கு முன்னர் பெரியம்மாவின் நெஞ்சுக்குள் நடப்பது என்னவென்று பார்த்துவிடுவோம்.

இதயத்தின் மேல்பகுதியில், வலது சோணையறையில் இருந்து "அடி" என்ற மின்கட்டளை புறப்படுகிறது. அது கீழே இறங்கி இதயவறைகளைச் சுருங்க வைக்கிறது. சில வேளை இதயவறையின் ஏதோ ஒரு மூலை, மேலே இருந்து கட்டளை வருவதற்குள் தானாகவே சுருங்கச் சொல்லிவிடும். அக்கராயன்குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர்களுக்கு இது புதிதில்லை: தன் முறை வரமுன்னர் ஒருவர் வாய்க்காலை வெட்டிவிடுவது மாதிரி. அந்நேரம் அறையில் இரத்தம் நிறைந்திருக்காது. அதனால் அந்தத் துடிப்பு மெலிந்தது, மணிக்கட்டில் தட்டுப்படாமலே போகலாம். அதன் பின்னர் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் அறை வழமையை விடக் கூடுதலாக நிறைகிறது. அடுத்து வரும் சாதாரணத் துடிப்பு பலமாக இடிக்கிறது. பெரியம்மா சொல்லும் "இடி" உண்மையில் பிழையான துடிப்பு அல்ல, அதற்கு அடுத்து வந்த சரியான துடிப்பு.

இதை வைத்தியசாலையில் "எக்டொபிக்" அல்லது "பிவிசி" என்பார்கள். இங்கே முந்திய துடிப்பு என்று சொல்லுவோம். நன்றாக இருக்கும் இதயத்திலும் இது வரும். 1985இல் ஹரோல்ட் கெனடி என்ற அமெரிக்க வைத்தியரும் குழுவினரும், மணித்தியாலத்துக்குச் சராசரி 566 முந்திய துடிப்புகள் வந்த, வேறு நோயில்லாத 73 பேரைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டார்கள். மற்றச் சுகதேகிகளை விட அவர்கள் கூடுதலாகச் சாகவில்லை.

மாரடைப்பு வந்த இதயம் வேறு. அங்கே தழும்பு இருக்கிறது. மாரடைப்பில் தப்பியவர்களில் முந்திய துடிப்பு அதிகம் உள்ளவர்களே பின்னர் திடீரென இறப்பதும் அதிகம் என்று 1970களிலேயே கண்டார்கள். அப்படியென்றால் துடிப்பை மருந்தால் அடக்கினால் சாவு குறையும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பல ஆயிரம் பேருக்கு மருந்து எழுதப்பட்டது. பிளெக்கேனைட்டும் என்கேனைட்டும் துடிப்புகளை மிக அழகாக அடக்கின.

ஆனால் சாவு குறைகிறதா என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அதை எண்ணத்தான் 'காஸ்ட்' என்ற ஆய்வு அமெரிக்க அரசின் நிதியில் 1987இல் தொடங்கியது. பாதிப் பேருக்கு வெறும் குளிசை கொடுப்பது அநியாயம் என்று அப்போது சொன்ன வைத்தியர்களும் இருந்தார்கள். முதலில் எல்லோருக்கும் மருந்து கொடுத்து, துடிப்பு அடங்கியவர்களை மட்டும் எடுத்து, சீட்டுக் குலுக்கியது போலப் பிரித்தார்கள். 1989 ஏப்ரலில் இந்த இரண்டு மருந்துகளையும் அவசரமாக நிறுத்த வேண்டி வந்தது. 1991இல் வெளியான கணக்கு இது: சராசரி 10 மாதங்களில், மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெறும் குளிசை எடுத்த 743 பேரில் 26 பேர்.

துடிப்பு அடங்கியது, ஆள் இறந்தார்.

இந்த மருந்துகள் இதயத்தில் மின்சாரம் ஓடும் வேகத்தைக் குறைக்கின்றன. தழும்பு உள்ள இடத்தில், அதுவும் இரத்த ஓட்டம் குறையும் நேரத்தில், வேகம் குறைந்த மின்னோட்டம் வெளியே போக வழியில்லாமல் சுழன்று, உயிரைப் பறிக்கும் ஓட்டமாக மாறலாம். அதனால்தான் இன்று மாரடைப்பு வந்தவர்களுக்கு பிளெக்கேனைட்டைத் தவிர்க்கிறார்கள். மருந்து கெட்ட மருந்து அல்ல. தழும்பில்லாத இதயத்தில் வேறு வகைப் படபடப்புக்கு அது நன்றாக வேலை செய்கிறது. கனடாத் தம்பிக்கு இருப்பது பெரியம்மாவின் நோய்தானா என்பதே யாருக்கும் தெரியாது.

ஆக, கேட்கவேண்டியது "இதை எப்படி நிறுத்துவது" என்பதல்ல. இது எந்த இதயத்தில் வருகிறது, ஒரு நாளைக்கு எத்தனை வருகிறது? முதற்கேள்விக்கு எக்கோ ஸ்கேன். இரண்டாவதற்கு 24 மணித்தியாலம் உடம்பில் கட்டிவிடும் ஹோல்ரர் கருவி. அதைக் கண்டுபிடித்த நோர்மன் ஹோல்ரர் முதலில் செய்தது 40 கிலோவுக்குக் கிட்டிய முதுகுச் சுமை, இன்று சட்டைக்குள் மறைந்துவிடும். ஈ.சி.ஜி. சில விநாடிகளைத்தான் பார்க்கிறது. பெரியம்மாவின் இரவு அதற்குள் எப்படி அகப்படும்?

எண்ணிக்கைக்கும் அர்த்தம் உண்டு. ஒரு நாளைக்கு இதயம் ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. 2010இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் முந்திய துடிப்பு அதிகமான 174 பேரைப் பார்த்தபோது, மூன்றில் ஒருவருக்கு இதயம் பலவீனப்பட்டிருந்தது. நூற்றுக்கு 24க்கு மேல் முந்திய துடிப்பு இருந்தவர்களில் அந்த ஆபத்து தெளிவாகக் கூடியிருந்தது. நூற்றுக்குப் பத்துக்குக் கீழே என்றால் அப்படி நடப்பது அரிது. துடிப்பு அடங்கினால் பலவீனப்பட்ட இதயம் பெரும்பாலும் தேறிவிடும் என்பது நல்ல செய்தி.

அடக்குவதற்கு பீற்றா வகைக் குளிசைகள் பாதுகாப்பானவை, ஆனால் பலன் சுமார்தான். மற்றது, தொடை நரம்பால் மெல்லிய வயரைச் செலுத்தி, பிழையாகக் கட்டளை கொடுக்கும் மூலையைத் தேடிச் சுடுவது. சீனாவில் 330 பேரில் செய்து 2014இல் வெளியான ஆய்வில், சுட்டவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கும் குளிசை எடுத்தவர்களில் நூற்றுக்கு 89 பேருக்கும் ஒரு வருடத்துக்குள் துடிப்பு திரும்பியது. இவர்களின் துடிப்பு எல்லாம் வலது இதயவறையின் வாசலில் பிறந்தது, சுடுவதற்கு வசதியான இடம். இலங்கையில் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இதைச் செய்கிறார்கள். இரவு பஸ் ஏறி விடிய இறங்கும் தூரம். எல்லோருக்கும் அது தேவையுமில்லை.

எங்கள் ஆட்களுக்கு வேறொரு பதிலும் கிடைப்பதுண்டு: "பயம்தான், யோசிக்காதேங்கோ." அரைவாசி உண்மை. போரில் அடிபட்டவர்களின் மனவேதனை உடம்பு நோவாக வெளிவருவதைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதி வருகிறார். முந்திய துடிப்புகளை 1971இல் தரம் பிரித்த பொஸ்ரன் வைத்தியர் பேர்னாட் லவுன், மன அழுத்தம் அவற்றைக் கூட்டுவதை ஆய்வில் காட்டியவர். (அணுவாயுதப் போருக்கு எதிராக அவர் சேர்ந்து தொடங்கிய வைத்தியர் அமைப்புக்கு 1985இல் சமாதான நோபல் பரிசு கிடைத்தது.) பயம் துடிப்பைக் கூட்டும் என்பதால் துடிப்பு பொய்யாகிவிடாது. மயங்கி விழுந்தால், ஓடியாடும்போது படபடத்தால், மூச்சு வாங்கினால், குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென இறந்திருந்தால் பயம் என்று சொல்லி அனுப்ப விடக்கூடாது.

பெரியம்மாவை யாழ்ப்பாணம் கூட்டிப்போய்க் காட்டினோம். எக்கோ நல்லது. முந்திய துடிப்பு நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. குளிசை தேவையில்லை என்றார்கள். இடி இப்போதும் இருக்கிறது, ஆனால் எழும்பி இருந்து விடியும்வரை காத்திருப்பதில்லை.

அதற்கு முன்னர், அட்டையைப் பார்த்த அன்றே பக்கத்துக் காணிக்குப் போனேன். ஐயாவில் பிழை சொல்ல மனம் வரவில்லை. பனடோலுக்கே தட்டுப்பாடான காலத்தை வன்னிக்குள் கழித்த எங்களுக்குக் குளிசையைப் பங்கிடுவது உயிர் காத்த பழக்கம். ஏற்கெனவே நாலு போட்டிருந்தார். கிளினிக் கொப்பியையும் மிச்ச அட்டையையும் எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏற்றினோம். வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுத்து, இரவு மறித்து வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த நாள் பின்னேரம் விட்டார்கள். கொப்பி திரும்பி வந்தது. அட்டையை வைத்தியர் தரவில்லை.