கோய் மீன் சுணங்குகிறதா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்!

திருமுருகன்பூண்டி என்றதும் சிற்பக்கூடங்களின் உளிச் சத்தம்தான் நினைவுக்கு வரும். கல்லோ சிமென்ட்டோ, வீட்டு முற்றத்தில் ஒரு குளம் கட்டி கோய் மீன் விட்டால் அழகுதான். ஆனால், நேற்றுவரை கைக்கு வந்து தீனி தின்ற மீன் இன்று ஓரமாக ஒதுங்கி நின்றால்? பதறிப்போய் மருந்து வாங்க ஓடுவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு.

அறிகுறிகள் என்ன சொல்கின்றன?

எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், கோளாறு பெரும்பாலும் தண்ணீரில்தான். ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், அமோனியா ஏறியிருக்கலாம், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை நேரடியாக விட்டிருக்கலாம். புது சிமென்ட் குளத்தில் பிஎச் உயரும். பிஎச் உயர்ந்தால் அமோனியாவின் விஷமும் கூடும்.

உடம்பைத் தரையில் உரசினால் ஒட்டுண்ணியைத் தேடுங்கள். நூல்போல் தொங்குவது நங்கூரப் புழு. தட்டையாக ஒட்டி நகர்வது மீன் பேன். புண் இருந்தால் பாக்டீரியா பாதிப்பாக இருக்கலாம். வயிறு உப்பி, செதில்கள் சிலிர்த்து நின்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருள்.

உடனே என்ன செய்யலாம்?

தீனியை நிறுத்துங்கள். ஏர் பம்ப்பைக் கூடுதலாக ஓடவிடுங்கள். டெஸ்ட் கிட்டில் அமோனியா, பிஎச் பாருங்கள். குளோரின் நீக்கிய தண்ணீரால் கால் பங்கை மாற்றுங்கள். நோயுற்ற மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி, 1,000 லிட்டருக்கு 3 கிலோ அயோடின் சேராத கல்லுப்பைக் கரைத்து, இரண்டு நாட்களில் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். தண்ணீர் ஆவியானாலும் உப்பு போகாது; குறைந்த தண்ணீரை நிரப்பும்போது மறுபடி உப்பு போடாதீர்கள். ஆன்டிபயாடிக்கை நீங்களாகவே கொட்டினால், ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் செத்துப்போகும்.

அலட்சியம் ஆகாது

செவுளில் வெள்ளைத் திட்டு, குழிந்த கண், அடுத்தடுத்து சாவு என்றால் கோய் ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. தரையில் படுத்துத் தூங்கும் 'தூக்க நோய்' இன்னொரு வைரஸால் வருவது. இந்தியக் கோய் மீன்களிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. மீன்வளத் துறையையோ, மீன்வளப் பல்கலைக்கழகத்தையோ அணுகிப் பரிசோதிப்பதே வழி.

பாவம் பார்த்து, நோயுற்ற மீனை ஏரியிலோ நொய்யலிலோ விட்டுவிடாதீர்கள். ஏரிகளில் வளர்க்கும் சாதாக் கெண்டையும் கோயும் ஒரே இனம். உங்கள் குளத்து நோய் மீனவரின் பிழைப்பையே கெடுத்துவிடும்.

புது மீன் வாங்கினால் மூன்று, நான்கு வாரமாவது தனித்தொட்டியில் வையுங்கள். அந்தப் பொறுமைக்கு ஈடான மருந்து எந்தக் கடையிலும் கிடைக்காது.