ஒரே புற்றுநோய், வேறு வேறு மரபணு மாற்றம்: புது மருந்து எல்லோருக்கும் ஏன் வேலை செய்வதில்லை?

கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய்தான் பித்தநாளம். இதில் வரும் புற்றுநோய் பல நாடுகளில் அரிது. ஆனால், வடகிழக்குத் தாய்லாந்தில் நிலைமையே வேறு. உலகிலேயே மிக அதிக விகிதத்தில் இந்த நோய் பதிவானது அங்குள்ள கோன் கேன் பகுதியில்தான்.

என்ன காரணம்?

பச்சை மீன். ஆற்று மீனை வேகவைக்காமல் நறுக்கி, எலுமிச்சைச் சாறு, மிளகாய் சேர்த்துச் சாப்பிடும் ‘கோய் பிளா’ அங்கே பிரபலம். மீனில் இருக்கும் தட்டைப்புழுவின் குஞ்சுகள் உடம்புக்குள் போய்ப் பித்தநாளத்தில் குடியேறுகின்றன. எலுமிச்சைச் சாறை நம்பினால் புழு சாகாது. அது வருடக்கணக்கில் தங்கி ஏற்படுத்தும் அழற்சி, செல்களின் டிஎன்ஏவைச் சிதைக்கிறது. இந்தப் புழு புற்றுநோயை உண்டாக்கும் என்று 1994-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது.

மரபணுவில் என்ன வித்தியாசம்?

10 நாடுகளின் 489 கட்டிகளை அலசிய ஆய்வு 2017-ல் வெளியானது. புழுவால் வந்த கட்டிகளில் டிபி53 மரபணு மாற்றமும், ஹெர்2 மரபணுவின் கூடுதல் நகல்களும் அதிகம். புழுத் தொற்று இல்லாதவர்களின் ஒரு பகுதிக் கட்டிகளில் ஐடிஹெச்1, பிஏபி1, எஃப்ஜிஎஃப்ஆர்2 மாற்றங்கள் தென்பட்டன.

அப்படீன்னா இது இனத்தைப் பொறுத்ததா? பெரும்பாலும் இல்லை. இவை வாழும் காலத்தில் கட்டிக்குள் உருவாகும் மாற்றங்கள். நோய் எதனால் வந்தது என்பதன் தடயம் அது.

சிகிச்சையில் என்ன சிக்கல்?

எஃப்ஜிஎஃப்ஆர்2 இணைவு உள்ளவர்களுக்கான பெமிகாடினிப் 2020-லும், ஐடிஹெச்1 மாற்றத்துக்கான ஐவோசிடெனிப் 2021-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இரண்டுமே அந்தந்த மாற்றம் இருந்தால்தான் பலன் தரும். புழுவால் நோய் வந்தவர்களிடம் அவை குறைவு. அதாவது, நோய் அதிகம் இருக்கும் ஊருக்கே புது மருந்துகள் அவ்வளவாகப் பயன்படவில்லை. 2024-ல் ஹெர்2-வைக் குறிவைக்கும் ஜானிடாடமாப் அனுமதி பெற்றது ஒரு நம்பிக்கை. ஆனால் அதுவும் ஹெர்2 அதிகமுள்ள கட்டிகளுக்கு மட்டுமே. அதனால், எந்த மருந்து என்று முடிவெடுக்கும் முன் கட்டியின் மரபணுப் பரிசோதனை முக்கியம்.

தடுக்க வழி?

இருக்கிறது. பிராசிகுவான்டெல் மாத்திரை புழுவைக் கொன்றுவிடும். ஆனால் மறுபடி பச்சை மீன் சாப்பிட்டால் மறுபடி தொற்றும். பல வருடம் கழித்து மரபணுவைத் தேடி மருந்து கொடுப்பதைவிட, மீனை நன்றாக வேகவைப்பது ரொம்ப சுலபம்.