பன்னிரண்டு நாளும் ஒரு கிணறும்

பிரயாணத்துக்குத் திட்டம் வகுப்பது இலகுவான காரியம் என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஊர்ப் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இடையிலுள்ள தூரத்தைக் குறித்து, தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும். நேரம் வந்துவிட்டால் திட்டமும் முடிந்துவிடும். இந்தக் கணக்கு எவ்வளவு பிழையானது என்பதை, கனடாவில் வாழும் என் மருமகன் அனுப்பிய நிரல் ஒன்றைத் திருத்தப் புகுந்தபோதுதான் அறிந்துகொண்டேன்.

“மாமா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆடி மாதத்தில் வருகிறேன். பன்னிரண்டு நாள் விடுமுறை. நிரலைப் பார்த்துப் பிழை இருந்தால் திருத்துங்கள்” என்று எழுதியிருந்தான். கொழும்பு, காலி, யால, எல்ல, நுவரெலியா, கண்டி, சிகிரியா, அனுராதபுரம், யாழ்ப்பாணம், திருகோணமலை, மறுபடி கொழும்பு எனப் பதினொரு தரிப்புகள். யாழ்ப்பாணத்துக்கு ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளுக்குள் கோட்டை, நூலகம், நல்லூர், நயினாதீவு, நெடுந்தீவு, கீரிமலை, பருத்தித்துறை முனை அத்தனையும் அடங்கியிருந்தன. கடைசி வரியில், “நேரம் இருந்தால்: அம்மாவின் வீடு” என்று குறித்திருந்தான்.

அவனைக் குறைகூற மாட்டேன். இந்த மண்ணை விட்டுப் போனபோது அவனுக்கு வயது ஆறு. அவன் கையில் இருப்பது தேசப்படம். அதில் காற்றும் இல்லை, கடலும் இல்லை, அமாவாசையும் இல்லை. ஆகவே அவனுக்கு விளங்கும்படி ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினேன்.

முதலில் காற்று. பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை அளந்தாலும் இலங்கையின் நீளம் ஏறத்தாழ 430 கிலோமீற்றர்தான். ஆயினும் இச்சிறு தீவில் ஒரே நாளில் இரண்டு பருவங்கள் நிலவுவதுண்டு. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று வீசும். அப்பொழுது கொழும்பும் காலியும் மலைநாட்டின் மேற்குச் சரிவும் மழையில் நனையும். காலிப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும். அதே காற்று மலையைக் கடந்து வரும்போது ஈரத்தை இழந்துவிடுவதால், யாழ்ப்பாணமும் திருகோணமலையும் காய்ந்து கிடக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை நிலைமை மாறி, வடக்கும் கிழக்கும் தமக்குரிய மழையைப் பெறும். ஆடியில் வருபவர் காலிக் கடற்கரையை விட்டுத் திருகோணமலைக் கடற்கரையைத் தேர்தலே அறிவுடைமை. காலி, நுவரெலியா என்னும் இரண்டு பெயர்களும் இவ்வாறு நிரலிலிருந்து கழிந்தன.

அடுத்தது பாதை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் தரைவழியாக ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அக்காவோ புகைவண்டியில்தான் வருவேன் என்கிறாள். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியிலே கல்யாணப் பெண்ணாகக் கொழும்புக்குப் போனவள் அவள். அந்தப் பாதை 1990இல் போரினால் அறுந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 சனவரியில் காங்கேசன்துறை வரையும் மீண்டும் வண்டி வந்தது. புயலும் வெள்ளமும் பாதையைத் தடுத்த காலங்களும் உண்டாதலால், புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளவும், வண்டி இல்லையேல் பஸ்ஸில் வரவும் ஆயத்தமாக இருக்கும்படி மருமகனுக்குச் சொல்லிவைத்தேன். திருவிழாக் காலத்தில் இருக்கைகள் முன்னதாகவே தீர்ந்துவிடும் என்பதையும் சேர்த்து எழுதினேன்.

எழுதும்போது ஒரு நினைவு குறுக்கிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பிரயாணத் திட்டம் எப்படி இருந்தது? ஆனையிறவு வழி அடைபட்டுக் கிடந்தது. கிளாலிக் கரையில் இருட்டும்வரை காத்திருந்து, விளக்கில்லாத வள்ளத்தில் ஏறிக் கடனீரேரியைக் கடக்கவேண்டும். அதில் உயிரிழந்தோர் பலர். 1993இல் அக்கா இந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனது அவ்வழியேதான். அன்று எங்கள் திட்டத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: அக்கரை சேர்வது.

இனி யாழ்ப்பாணம். குடாநாட்டை வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என நான்காகப் பகுத்து வழங்குவது எம்மவர் வழக்கம். பிரயாணிக்கும் அப்பகுப்பே நல்ல வழிகாட்டி. ஒரு நாளில் ஒரு பகுதிக்கு மேல் ஆசைப்படலாகாது. தூரம் சிறிதுதான், ஆனால் உச்சிப் பூசை முடிந்தால் பெரும்பாலான கோவில்கள் மாலைவரை பூட்டிக் கிடக்கும். வெயிலோ பத்து மணிக்கே தலையில் ஏறிவிடும். விடியப் புறப்பட்டு, மத்தியானம் வீட்டில் கிடந்து, வெயில் தாழ மறுபடி புறப்படுவதே இவ்வூர் முறை.

தீவுகளுக்குப் போவோர் பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைவர். நாகபூசணி அம்மன் கோவிலும் நாகவிகாரையும் உள்ள நயினாதீவுக்கு அங்கிருந்து படகில் சிறிது நேரம்தான். நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும், படகுகளும் சிலவே, ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய நாள் போயிற்று. பவளக்கல் வேலிகளும், பெருக்கு மரமும், ஒல்லாந்தர் வளர்த்த குதிரைகளின் வழிவந்த மட்டக் குதிரைகளும் காணத்தக்கவையே. ஆயினும் துறைமேடையிலிருந்து ஆடும் படகுக்குள் குனிந்து இறங்கும் சிரமத்தை எழுபத்தாறு வயதுக்காரியின் முழங்கால் ஒருமுறைக்கு மேல் பொறுக்குமா? ஆகவே நயினாதீவை வைத்துக்கொண்டு நெடுந்தீவை எடுத்துவிட்டேன்.

மூன்றாவது, நாட்காட்டி. எம் முன்னோர் பிரயாணம் செய்ததே திருவிழாக்களின் ஒழுங்கில்தான். ஆனியில் நயினாதீவு, ஆடியில் மாவிட்டபுரம், ஆடி அமாவாசை கழிந்து ஒரு வாரத்துக்குள் நல்லூரில் கொடியேறி இருபத்தைந்து நாள், புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தம். ஒன்று முடிய மற்றொன்று தொடங்கும் இந்தத் தொடரே அவர்களுடைய நிகழ்ச்சி நிரல்.

அமாவாசை என்று எழுதியதும் என் பேனா நின்றுவிட்டது. அக்கா ஏன் ஆடி மாதத்தைத் தேர்ந்தாள் என்பதை மருமகன் எழுதவில்லை. அவனுக்குத் தெரியாமலும் இருக்கலாம். ஆடி அமாவாசை தந்தையை இழந்தவர்கள் விரதமிருக்கும் நாள். அன்று மாவிட்டபுரத்துக் கந்தன் தீர்த்தமாடக் கீரிமலைக்கு எழுந்தருள்வார். ஊர் முழுவதும் அக்கேணியில் நீராடிப் பிதிர்க்கடன் கழிக்கும்.

எங்கள் ஊர் மாவிட்டபுரத்துக்கு அண்மையில் உள்ளது. 1990 ஆனியில் ஊரோடு எழும்பினோம். எங்கள் காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமமே தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, ஐயாவையும் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு நானும் போனேன். சில மாதங்களில் ஐயா அங்கேயே கண்ணை மூடினார். அக்கா கடலுக்கு அப்பால் இருந்தாள். செய்தியே பிந்தித்தான் கிடைத்தது. கீரிமலைக்குப் போக வழியில்லாத ஆண்டுகளில், இருந்த இடத்துக் கிணற்றடியில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். வழி திறந்த பின் ஆண்டுதோறும் போகிறேன்; ஆனால் தனியே.

ஆகவே திட்டத்துக்கு ஆணிவேர் எதுவென்று தெரிந்துவிட்டது. அமாவாசையை நடுவில் ஊன்றி மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்கினேன். முதல் நாள் கட்டுநாயக்காவில் இறங்கி இளைப்பாறல். இரண்டாம் நாள் புகைவண்டி. மூன்றாம் நாள் உறவினர். மாலையில் நல்லூரும், 1981 சூன் முதலாம் நாள் இரவோடிரவாக ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்து, பின்னர் எழுந்து நிற்கும் நூலகமும். ஐந்தாம் நாள் கீரிமலை. ஏழாம் நாள் நயினாதீவு. எட்டாம் நாள் வடமராட்சி: வல்லிபுரம், மணற்காட்டு மணல் மேடுகள், பருத்தித்துறை முனை. ஒன்பதும் பத்தும் திருகோணமலை: கோணேசரும் கன்னியா வெந்நீரூற்றுக்களும். பின்பு கொழும்பு, விமானம். யால, எல்ல, கண்டி, சிகிரியா, அனுராதபுரம் யாவும் மற்றொரு வருகைக்கு. நல்லூர்க் கொடியேற்றத்தை அவர்கள் காணார். அது எனக்கும் மனத்தாங்கலே. எதையும் இழக்காத பிரயாணத் திட்டம் இன்னும் எவராலும் வகுக்கப்படவில்லை.

நான்காம் நாளும் ஆறாம் நாளும் எஞ்சின. நான்காம் நாளுக்கு நேரே “வீடு” என்று எழுதினேன். ஆறாம் நாளை வெறுமையாக விட்டேன்.

அன்றிரவே தொலைபேசியில் மருமகன் கேட்டான்: “மாமா, வீடு பார்க்க ஒரு முழு நாள் எதற்கு? ஆறாம் நாளில் ஏன் ஒன்றுமில்லை?”

உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று. காணி விடுவிக்கப்பட்டபோது நான் போய்ப் பார்த்தேன். வீடு இல்லை. கூரையும் இல்லை, சுவரும் இல்லை. அத்திவாரத்தின் மேல் பற்றை. அக்காவின் கனவில் இருப்பது நாற்சார் வீடு. அதை அழிக்க மனம் வராமல் இத்தனை ஆண்டும் மறைத்துவிட்டேன். வந்த அன்றே காட்டினால் பிரயாணக் களைப்போடு தாங்கமாட்டாள். கடைசி நாளில் காட்டினால் அந்தப் பற்றையையே கண்ணில் சுமந்துகொண்டு விமானம் ஏறுவாள். முதல் நாள் வீட்டைப் பார்த்து, மறுநாள் கீரிமலையில் ஐயாவுக்கு நீர் வார்த்து, அதற்கு மறுநாள் ஒன்றுமே செய்யாமல் இருக்கட்டும் என்றுதான் அப்படி அடுக்கினேன்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அம்மாவிடம் யார் சொல்வது?” என்றான்.

“நான்தான்” என்றேன்.

கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத இந்தச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் கிணறுதான் ஊரை ஊராக்குவது. பெய்யும் மழை கல்லின் வெடிப்புகளால் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் நன்னீராக மிதந்து தங்குகிறது. அதன் ஒரு பங்கு நிலத்தடியாகவே ஊர்ந்து கடலோரத்தில் கீரிமலை ஊற்றாகக் கிளம்புகிறது. எங்கள் வளவில் விழுந்த மழையும் அக்கேணியைச் சேர்ந்திருக்கும். சென்ற மாதம் ஆட்களைப் பிடித்துக் கிணற்றைக் கலக்கி இறைப்பித்தேன். மூன்றாம் நாள் தெளிந்த நீர் ஊறியது.

மறுநாள் அக்காவை அழைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தடுமாறிக்கொண்டிருக்கையில் அவளே முந்திக்கொண்டாள்.

“வீடு இல்லையெண்டு எனக்குத் தெரியும் தம்பி. நீ ஒருநாளும் படம் அனுப்பேல்லை, அதிலயே விளங்கிப்போச்சு. கிணறு இருக்கோ?”

“இருக்கு அக்கா. இறைச்சு வைச்சிருக்கிறன்.”

“அப்ப அது காணும். விடிய வெள்ளனப் போவம். ஐயா அள்ளி வார்த்த மாதிரி ரெண்டு வாளி வார்த்துக்கொண்டு வருவம்.”

நிரலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். காற்று, கடல், வண்டி, கோவில், அமாவாசை எல்லாம் அதில் இருந்தன. வாளியும் கயிறும்தான் விடுபட்டிருந்தன. நாளைக் காலை சுன்னாகம் சந்தைக்குப் போகவேண்டும்.