அமர்க்களம்

“கல்யாணம் அமர்க்களமா நடந்துச்சு” என்கிறோம். கல்யாணத்தில் எங்கே வந்தது சண்டை? கேட்கக் காரணம் உண்டு நேயர்களே. அமர் என்றால் போர். அமர்க்களம் என்றால் போர் நடக்கும் இடம். வாளும் வேலும் மோதிய இடத்தின் பெயரைத்தான் இன்று மேளச் சத்தத்துக்கும் பந்தி ஆரவாரத்துக்கும் தாராளமாகக் கொடுத்துவிட்டோம். அதன் உறவுக்காரச் சொல்லான ரணகளத்துக்கு அந்த யோகம் இல்லை. அது இன்னும் ரத்தவாடையோடுதான் இருக்கிறது.

களம் என்ற சொல்லோ வயலுக்கும் சொந்தம். அறுத்த கதிரைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து அடித்து, நெல்லைத் தூற்றும் இடமும் களம்தான். களத்துமேடு என்றால் கிராமத்துக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். அங்கே குவித்த வைக்கோலுக்குப் பெயர் வைக்கோற்போர்! உழவர் களம், வீரர் களம் இரண்டையும் தொல்காப்பியமே அருகருகே வைத்துப் பேசுகிறது. சோழன் செங்கணானின் போரைப் பாடிய பொய்கையாரின் நூலுக்குப் பெயர் ‘களவழி நாற்பது’.

இப்போது கிரிக்கெட்டுக்கு ஆடுகளம், அரசியலுக்குத் தேர்தல் களம். வேட்பாளர்கள் ‘களம் காண்கிறார்கள்’, கணக்கெடுக்க வீடுவீடாக வருபவர் ‘களப்பணியாளர்’. பாவம், அவர் கையில் இருப்பது ஒரு பேனாவும் படிவமும்தான்.

ஒரு சின்னக் குறிப்பு: விமானம் இறங்குவது தளத்தில், வீரர் இறங்குவது களத்தில். செய்தி வாசிக்கும் நாங்களும் சில நேரம் தடுமாறுவதுண்டு!