மலரும் மனையும்: மீளுயிர்ப்புக் கட்டடக்கலையின் அறம் பற்றிய சில சிந்தனைகள்

கோயில் விதானங்களிலும் விகாரைகளின் தூண்களிலும் தாமரை நெடுங்காலமாகவே செதுக்கப்பட்டு வந்துள்ளது. அங்கு மலர் அணியாகவும் குறியீடாகவும் அமைந்தது. அண்மைக் காலத்திலோ, கட்டடம் எவ்வாறு தோன்றவேண்டும் என்பதற்கன்றி, எவ்வாறு வாழவேண்டும் என்பதற்கே மலரை முன்மாதிரியாகக் கொள்ளும் போக்கு உருவாகியுள்ளது. சூழலுக்கு விளையும் கேட்டைக் குறைத்தல் மட்டும் போதாது. கட்டடம் தான் நிற்கும் நிலத்தை முன்னிருந்ததினும் வளமுடையதாக்க வேண்டும் என்பது இப்போக்கின் அடிப்படைக் கொள்கை. இதனையே மீளுயிர்ப்புக் கட்டடக்கலை என நாம் குறிப்பிடுகின்றோம். இக்கலை மலரிடம் எதனைக் கற்றது, எதனைக் கற்கத் தவறியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலரிடம் கற்பதில் மூன்று படிகளை நாம் வேறுபடுத்திக் காணலாம். முதலாவது படி வடிவத்தைக் கற்றல். 1986ஆம் ஆண்டு புதுடில்லியில் திறக்கப்பட்ட பஹாய் வழிபாட்டு இல்லம், வெண்சலவைக்கல் போர்த்த 27 இதழ்களால் ஆகியது. நமது கொழும்பு நகரிலே, 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட தாமரைக் கோபுரம் ஏறத்தாழ 350 மீற்றர் உயரமுடையது. சீனக் கடனின் துணையோடு எழுப்பப்பட்ட அக்கோபுரம் பேர வாவியின் அருகே நிற்கின்றது. அவ்வாவியோ நகரக் கழிவுகளால் நெடுங்காலமாக மாசுற்றது. தாமரை நீரிலே வேரூன்றி வாழ்வது. தாமரையின் பெயர் தாங்கிய கோபுரமோ அருகிலுள்ள நீரின் நலன் கருதி எழுந்ததன்று. உருவம் மலருடையதாயினும் ஒழுகலாறு மலருடையதன்று என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இரண்டாவது படி இயக்கத்தைக் கற்றல். தென்னாபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஸ்றெலிற்சியா என்னும் மலரின் இரு இதழ்கள் ஒன்றிணைந்து பறவை அமர்வதற்கேற்ற தண்டாக அமைந்துள்ளன. பறவை அமர்ந்ததும் அதன் பாரத்தால் தண்டு கீழே வளைய, இதழ்களின் ஓரங்கள் விரிந்து மகரந்தம் வெளிப்படுகின்றது. பறவை அகன்றதும் மலர் பழைய நிலையை எய்துகின்றது. கீலோ அச்சோ இங்கு இல்லை. இழையத்தின் மீள்தன்மையே எல்லாவற்றையும் நிகழ்த்துகின்றது. ஜேர்மனியின் ஸ்ருட்காட், பிரைபேர்க் நகரங்களின் பல்கலைக்கழக ஆய்வாளர் இதனை ஆராய்ந்து கீலற்ற நிழற்றட்டு ஒன்றை உருவாக்கினர். 2012இல் தென்கொரியாவின் யோசு நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியின் மையக் கூடத்தில், வளைந்து திறக்கும் 108 கண்ணாடிநார்த் தகடுகளைக் கொண்ட முகப்பு அமைக்கப்பட்டது. வளையும் தகடே திறப்பையும் தருதல் என்னும் தத்துவம் அங்கு பெருமளவிற் செயலுருப் பெற்றது. இது பொறியியலின் அரிய வெற்றி. எனினும் பறவைக்கும் பூவுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் இங்கு விடுபட்டுப் போயிற்று என்பது நோக்கற்பாலது.

மூன்றாவது படி வாழ்வு முழுவதையும் கற்றல். 2006ஆம் ஆண்டு வட அமெரிக்காவில் ஜேசன் மக்லெனன் முதலியோரின் முயற்சியால் ‘வாழும் கட்டட அறைகூவல்’ என்னும் நியமம் வெளியிடப்பட்டது. அதன் உருவகம் மலரே. தான் நிற்கும் இடத்திலேயே வேரூன்றி, அவ்விடத்துக்குக் கிடைக்கும் நீரையும் ஒளியையும் கொண்டு, எதனையும் மாசுபடுத்தாது வாழ்வது மலர். கட்டடமும் அவ்வாறே வாழ்தல் வேண்டும் என்பது அதன் கோரிக்கை. இடம், நீர், சக்தி, உடல்நலமும் மகிழ்வும், பொருள்கள், நீதி, அழகு என்பன அதன் ஏழு இதழ்கள். வரைபடத்தைப் பார்த்துச் சான்றிதழ் வழங்காது, பன்னிரண்டு மாதங்கள் கட்டடம் உண்மையில் இயங்கியமுறை கண்டபின்னரே வழங்குவது இந்நியமத்தின் சிறப்பு.

இந்நியமப்படி எழுந்தவற்றுள் புகழ்பெற்றது, 2013 ஏப்பிரல் 22, புவி தினத்தன்று சியற்றில் நகரில் திறக்கப்பட்ட புல்லிற் நிலையம். ஆறு மாடிகளைக் கொண்ட இந்த அலுவலகக் கட்டடத்தின் கூரையில் 575 சூரியத் தகடுகள் உள்ளன. 250 ஆண்டு வாழ்வைக் கருதி இது திட்டமிடப்பட்டது. கோடையில் மிகும் மின்சாரத்தை நகர வலையமைப்புக்கு அளித்து, மழைமூடிய மாரியில் அதனிடமிருந்தே பெற்றுக்கொள்கின்றது. மழைநீரைக் குடிநீராக வழங்குவதற்கு அதிகாரிகளின் இசைவைப் பெறப் பல ஆண்டுகள் சென்றன. கழிவைக் கூட்டெருவாக்கும் மலசலகூடங்களோ, ஏழெட்டு ஆண்டுகளின் பின் அகற்றப்பட்டு, நகரக் கழிவுநீர்க் குழாயோடு இணைந்த வேறு கூடங்கள் பொருத்தப்பட்டன.

இதனைத் தோல்வியெனக் கூறுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பிழை கட்டடத்திலன்று, உருவகத்தைப் பொருள்கொண்ட முறையிலேயே உள்ளது. தாவரவியல் கூறுவது யாது? மலர் தன்னிறைவுடையதன்று. அதற்கான உணவைப் பெரும்பாலும் இலையே ஒளித்தொகுப்பால் ஆக்குகின்றது. நீரை வேர் தருகின்றது. விதை உண்டாவதற்கோ வண்டும் பறவையும் காற்றும் வேண்டப்படுகின்றன. மலர் பிறர் உழைப்பில் மலர்ந்து, பிறருக்குத் தேன் அளித்து, தன் இனத்தைத் தொடரச் செய்கின்றது. அதன் அறம் தனித்து நிற்றலன்று. சார்ந்து நின்று கைம்மாறு செய்தல். தன் வேலிக்குள்ளே எல்லாவற்றையும் நிறைவுசெய்யும் கட்டடம் என்னும் இலட்சியமோ, மலரினும் தனியுடைமைக் கருத்தோடே நெருங்கிய உறவுடையது.

இங்கேதான் வர்க்கப் பிரச்சினை தலைதூக்குகின்றது. புல்லிற் நிலையத்தின் கட்டுமானத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1 கோடி 85 இலட்சம் அமெரிக்க டொலர் செலவாயிற்று. வசதியுடையோர் தத்தம் கூரையில் மின்னும் தத்தம் நிலத்தடித் தொட்டியில் நீரும் பெற்றுப் பொது வலையமைப்பினின்றும் விலகுவாராயின், அவ்வலையமைப்பைப் பேணும் சுமை வசதியற்றோர் மீதே விழும். சூரியத் தகட்டையும் சுவரையும் ஆக்கிய தொழிலாளியின் கூலியும் நலமும் கணக்கிற் சேராவிடின், ‘நீதி’ என்னும் இதழ் வெறும் காகித இதழே.

ஆயினும் அந்நிலையத்தின் மெய்யான பயனும் ஈண்டுக் கூறப்படல் வேண்டும். நச்சு இரசாயனங்களின் தடைப்பட்டியலை அது கடைப்பிடித்தமையால், நீர்க்கசிவு தடுக்கும் பூச்சொன்றின் உற்பத்தியாளர், தீங்கான தலேற்று என்னும் சேர்வையை நீக்கி அப்பூச்சை மாற்றியமைத்தார். அதன் பயன் அப்பூச்சை வாங்கும் யாவருக்கும் உரியதாயிற்று. இத்தகைய கட்டடங்களுக்கு இடமளிக்கும் பொருட்டு 2009இல் சியற்றில் நகரசபை தன் கட்டட விதிகளை நெகிழ்த்தும் திட்டமொன்றை இயற்றியது. மகரந்தம் என நாம் கொள்ளத்தக்கவை இவையே; கட்டடத்தின் எல்லையைக் கடந்து சென்று வேறிடத்திற் காய்ப்பவை இவை.

ஆகவே மலரின் பெயரால் எழும் எந்தக் கட்டடத்தையும் நோக்கி நாம் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். யாருடைய உழைப்பில் இது மலர்ந்தது? அயலிலுள்ள நீருக்கும் மண்ணுக்கும் மாந்தருக்கும் இது எதனை அளிக்கின்றது? இதன் விதை ஏழையின் முற்றத்திலும் முளைக்குமா? இவற்றுக்கு விடைதர இயலாத கட்டடம் எத்தனை சான்றிதழ்களைப் பெறினும், சூடிக்கொள்வதற்காகக் கொய்யப்பட்ட பூவே. மீளுயிர்ப்பு என்பது நிலத்துக்கு மட்டுமன்றி, அந்நிலத்தில் உழைப்போருக்கும் உரியதாகும்போதே அது அறமாகும்.