சிறுமிக்கு யார் சொல்லிக் கொடுப்பது? திண்டிவனம் வழக்கு கற்றுத் தந்த பாடம்!

விழுப்புரம்,—

அவர்கள் இரண்டு பேர். அக்காள், தங்கை. பத்து வயது கூட நிரம்பாத சிறுமிகள்.

திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தார்கள். அங்கே அவர்களை நாசம் செய்தவர்கள் ஒருவர், இருவர் அல்ல. மொத்தம் 15 பேர்! முகம் தெரியாத முரடர்களும் அல்ல. சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள்!

பல மாதங்கள் இந்தக் கொடுமை நடந்தது. வெளியே யாருக்கும் தெரியவில்லை.

2019-ம் ஆண்டு பள்ளிக்கூடத்தில்தான் குட்டு உடைந்தது. சிறுமிக்கு உடம்பு சரி இல்லை என்பதைப் பார்த்து, அங்கே சந்தேகப்பட்டார்கள். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி, போலீசு, கோர்ட்டு எல்லாம்.

2021 ஜனவரியில் விழுப்புரம் மகளிர் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. 15 பேருக்கும் தலா 20 ஆண்டு ஜெயில்!

தண்டனை கிடைத்து விட்டது. ஆனால், முதல் நாளே அந்தக் குழந்தை வாய் திறந்து இருந்தால்?

வாய் திறக்க அவளுக்கு வார்த்தை தெரிய வேண்டுமே! நடப்பது தப்பு என்று தெரிய வேண்டுமே! யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரிய வேண்டுமே!

இந்த மூன்றையும் சொல்லிக் கொடுப்பதற்குப் பெயர்தான் பாலியல் கல்வி. வேறு ஒன்றும் இல்லை.

ஊருக்குச் சொல்கிறோம்!

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் ஒரு பெண் வயதுக்கு வந்து விட்டால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

தாய்மாமனுக்கு ஆள் போகும். மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பத்திரிகை அடிப்பார்கள். மைக் செட் கட்டுவார்கள். தட்டு வரிசை வரும். இப்போது பெண்ணின் படம் போட்டு பிளெக்ஸ் போர்டு கூட வைக்கிறார்கள்!

ஊருக்கே சொல்லி ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னோம்?

"இனிமே ஆம்பளப் பசங்களோட பேசாத. குனிஞ்ச தலை நிமிராம போ." இவ்வளவுதான்!

ரத்தம் ஏன் வருகிறது? எத்தனை நாள் வரும்? வயிறு ஏன் வலிக்கிறது? துணியை எப்படி வைத்துக் கொள்வது? இதை எல்லாம் யாரும் சொல்வது இல்லை. தனக்கு ஏதோ நோய் வந்து விட்டது என்று பயந்து போய் அழுகிற பெண் குழந்தைகள் உண்டு.

"அம்மா, இது என்னம்மா?" என்று கேட்டால், "சும்மா இருடி, வெக்கங்கெட்டவளே!" என்று அதட்டல். அந்த ஒரு அதட்டலில் அவள் வாய் மூடி விடுகிறது. பிறகு எவனாவது கை வைத்தால் கூட அந்த வாய் திறக்காது.

பாடம் இருக்கிறது!

பள்ளிக்கூடத்தில் பாடமே இல்லையா? இருக்கிறது!

தமிழ்நாடு அரசின் 8-ம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில், "வளரிளம் பருவமடைதல்" என்று ஒரு பாடமே வந்தது. 10-ம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கம் பற்றிய பாடத்தில் மாதவிலக்கு விளக்கப்பட்டது.

ஆனால் அந்தப் பக்கம் வந்தால் சில வகுப்புகளில் என்ன நடக்கிறது? "இதை நீங்களே வீட்டுல படிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய் விடுகிறார்கள். பின் பெஞ்சில் பையன்கள் சிரிக்கிறார்கள். பெண்கள் தலையைக் குனிந்து கொள்கிறார்கள்.

புத்தகத்தில் இருந்து என்ன பயன்? சட்டியில் இருந்தும் அகப்பையில் வரவில்லை!

பையன்கள் சும்மா இருப்பார்களா? கையில் செல்போன் இருக்கிறது. டீச்சர் சொல்லாததை அது சொல்லிக் கொடுக்கிறது. அதுவும் தலைகீழாக! பெண் என்றால் அடித்து அடக்க வேண்டியவள் என்றுதான் ஆபாசப் படங்கள் அவனுக்குக் கற்றுக் கொடுக்கின்றன.

நாப்கினும் நீல மாத்திரையும்

2012-ல் தமிழக அரசு "புதுயுகம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. 10 வயது முதல் 19 வயது வரை உள்ள கிராமத்துப் பெண்களுக்கு இலவச நாப்கின். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 3 பாக்கெட். ஒரு பாக்கெட்டில் 6. ஆக, ஆண்டுக்கு 18 பாக்கெட்.

இந்தத் துறையில் உலகத்துக்கே வழி காட்டியவரும் ஒரு தமிழர்தான். கோவை அருணாசலம் முருகானந்தம், குறைந்த விலையில் நாப்கின் செய்யும் மிஷினைக் கண்டுபிடித்தார். 2016-ல் அவருக்கு பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

ஆனால் நாப்கினைக் கொடுத்தால் மட்டும் போதுமா? மாற்றுவதற்கு தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை வேண்டும். தண்ணீர் வேண்டும். போடுவதற்கு ஒரு மூடி போட்ட தொட்டி வேண்டும். இவை இல்லாத பள்ளிக்கூடத்துப் பெண் என்ன செய்வாள்? அந்த மூன்று நாள் லீவு போடுவாள். மாதம் மூன்று நாள் போனால், பாடம் பின் தங்கும். பின் தங்கினால் பெயில். பெயிலானால், "படிச்சது போதும், வீட்டுல இரு!"

ரத்த சோகை இன்னொரு பிரச்சினை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்த சோகை இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பதே இதனால்தான். நீல நிறத்தில் இருக்கும். ஏன் சாப்பிட வேண்டும் என்று சொல்லாமல் கையில் கொடுத்தால், பாதி மாத்திரை ஜன்னல் வழியாகப் போய் விடும்!

16 வயதில் தாலி!

அடுத்தது கல்யாணம்.

கரும்பு வெட்டவும், செங்கல் சூளைக்கும் இந்த வட்டாரத்தில் இருந்து குடும்பங்கள் வெளியூர் போகின்றன. வயதுக்கு வந்த பெண்ணைப் பாட்டி வீட்டில் விட்டு விட்டுப் போகிறார்கள். தாய்க்குப் பயம். "காலா காலத்துல ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டா நிம்மதி."

அதே ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு சுமார் 13 பேர், 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள்!

1929-ல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயது என்றது. 1978-ல் அது 18 ஆனது. 2006-ம் ஆண்டு சட்டப்படி, குழந்தைத் திருமணத்தை நடத்தி வைத்தால் 2 ஆண்டு வரை ஜெயில். 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

2017 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு தீர்ப்பும் சொன்னது. மனைவியே ஆனாலும் 18 வயது நிரம்பாதவள் என்றால், அவளோடு உறவு கொள்வது கற்பழிப்புக் குற்றம்தான்! தாலி கட்டி விட்டேன் என்று தப்ப முடியாது.

முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியோ, திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும், 18 வயதுக்குள் ஒரு பெண் கர்ப்பமாக வந்தால் டாக்டர் போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். அது சட்டம்.

இந்த விவரம் மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியாது. பெண் வீட்டுக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் 9-ம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்குத் தெரிந்தால், அவளே வீட்டில் எடுத்துச் சொல்வாள்!

பையன்களுக்கும் வேண்டும்

"பொண்ணுங்களுக்குத்தானே இந்தப் பாடம்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. தப்பு!

2012-ல் வந்த போக்சோ சட்டம் ஆண், பெண் இரு பாலாருக்கும் பொதுவானது. 2007-ல் மத்திய அரசு 13 மாநிலங்களில் எடுத்த ஆய்வில், பாதிக் குழந்தைகளுக்கு மேல் ஏதாவது ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானது தெரிய வந்தது. அதில் ஆண் பிள்ளைகளும் சரி பாதி!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிளஸ்-2 படிக்கும் பெண்ணோடு ஓடிப் போகிறான் ஒரு 19 வயதுப் பையன். "அவளே சம்மதிச்சுத்தான் வந்தா" என்கிறான். கோர்ட்டில் அது செல்லாது! 18 வயதுக்குள் சம்மதம் என்ற பேச்சே கிடையாது.

இந்த வயதை 16 ஆக்கலாமா என்று 2019-ல் சென்னை ஐகோர்ட்டு ஒரு யோசனை சொன்னது. ஆனால் சட்டம் மாறவில்லை. சட்டம் தெரியாமல் ஜெயிலுக்குப் போன பையனின் வாழ்க்கையும் பாழ்தான்.

கெட்டுப் போவார்களா?

"சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப் போய் விடும்" என்பது பழைய வாதம். 2007-ல் பல மாநிலங்கள் இதே காரணத்தைச் சொல்லி, பள்ளிகளில் இந்தப் பாடத்துக்குத் தடை போட்டன.

அப்படிக் கெட்டுப் போக வேண்டும் என்றால், முதலில் ஸ்வீடன் நாடு அல்லவா கெட்டு இருக்க வேண்டும்? 1955-லேயே அங்கே இது கட்டாயப் பாடம்! இப்படிச் சொல்லிக் கொடுப்பதால் பிள்ளைகள் சீக்கிரமே உறவில் இறங்குவது இல்லை என்று, உலக நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளை வைத்து 2018-ல் யுனெஸ்கோ கூறியது.

2024 செப்டம்பரில், தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு ஆபாசப் பட வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே எடுத்துக் காட்டியது. பாலியல் கல்வி பிள்ளைகளைக் கெடுக்கும் என்பது தவறான எண்ணம் என்றது. 2025 அக்டோபரில் ஒருபடி மேலே போனது. 9-ம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம், அதற்கு முன்பே தொடங்குங்கள் என்றது.

சின்னக் குழந்தைக்கு என்ன சொல்வது? "உன் உடம்பு உன்னுது. இந்த இடத்தை எல்லாம் யாரும் தொடக் கூடாது. தொட்டா 'வேணாம்'னு கத்து. ஓடி வந்து அம்மாகிட்ட சொல்லு, டீச்சர்கிட்ட சொல்லு." இதில் ஆபாசம் எங்கே இருக்கிறது?

டீச்சர்கள் கவனிக்க!

பிள்ளை வந்து சொன்னால், ஆசிரியர் அதை மூடி மறைக்க முடியாது. போலீசில் புகார் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் 6 மாதம் வரை ஜெயில்! தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை நிர்வாகத் தலைவரே மறைத்தால் ஒரு ஆண்டு வரை! "ஸ்கூல் பேர் கெட்டுடும்" என்பது சட்டத்தில் ஒரு சாக்கு அல்ல.

"போலீசுக்குப் போனா மானம் போயிடும்" என்று பெற்றோர்கள் பயப்பட வேண்டாம். குழந்தையின் பெயரையோ படத்தையோ பத்திரிகையில் போடக் கூடாது. போட்டால் அவர்களுக்கும் ஜெயில்தான். வாக்குமூலம் வாங்க போலீசாரே குழந்தை இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். யூனிபார்ம் போடக் கூடாது. ராத்திரியில் எந்தக் குழந்தையையும் போலீஸ் நிலையத்தில் வைக்கக் கூடாது. பெண் குழந்தை என்றால், பெண் டாக்டர்தான் சோதனை செய்ய வேண்டும்.

படித்தால் நிமிரலாம்

அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை படித்து, கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் "புதுமைப்பெண்" திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. வெளியூர் போக வேண்டியது இல்லை.

ஆனால் கல்லூரி வாசல் வரை அந்தப் பெண் வந்து சேர வேண்டும். வயதுக்கு வந்ததும் நின்று போகாமல், 16-ல் தாலி ஏறாமல், எவன் கையிலும் சிக்காமல் வந்து சேர வேண்டும். ஆயிரம் ரூபாய்க்கு முன்னால் அவளுக்கு அறிவும் தைரியமும் கொடுக்க வேண்டும்.

தாய்மார்களே! பெண்ணின் பையில் டிபன் பாக்ஸ் வைக்கும்போது, ஒரு துண்டுச் சீட்டில் இந்த நம்பர்களையும் எழுதி வையுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098. பள்ளிக் கல்வித் துறை உதவிக்கு 14417. பெண்கள் உதவிக்கு 181. போன் செய்யக் காசு வேண்டாம்.

அவள் வந்து ஏதாவது கேட்டால், அதட்டாதீர்கள். கையில் இருக்கும் வேலையைப் போட்டு விட்டு, பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள்!