முகட்டில் பிரியும் மழை

அரூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தா வாலிப வயதில், ஒகேனக்கலில் இரண்டு பரிசல்காரர்கள் கம்பில் கட்டித் தூக்கிவந்த மகசீர் மீனைப் பார்த்தாராம். வால் தரையில் இழுபட்டதாம். “எங்கள் தென்பெண்ணையில் அப்படியொரு மீன் இருந்ததாக யாருமே சொன்னதில்லை. ஒரே மாவட்டம், ஒரே மழை. பிறகு ஏன்? குஞ்சு கிடைத்தால் வாங்கி எங்கள் ஆற்றிலும் விடலாமா?” என்று கேட்கிறார்.

கவலை தருவது இரண்டாவது கேள்விதான். ஆனால் முதல் கேள்விக்கான விடை அவர் வீட்டுக்குத் தெற்கே மலையாக நிற்கிறது.

சேர்வராயன் மலையில் பெய்யும் மழையில் ஒரு பங்கு தொப்பையாறாக இறங்கி மேட்டூர் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, காவிரியாகிப் பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. இன்னொரு பங்கு வாணியாறாகப் பாப்பிரெட்டிப்பட்டி வழியே போய்த் தென்பெண்ணையில் கலந்து, கடலூர் அருகே கடலுக்குப் போகிறது. இந்தப் பத்தியை எழுதுபவர் வளர்ந்தது நாட்டு ஓடு வேய்ந்த வீட்டில். அங்கே முகட்டு ஓட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த துளி வாசல் முருங்கைக்குப் போகும். ஒரு விரற்கடை தள்ளி விழுந்த துளி கொல்லைக் கிணற்றடிக்குப் போகும். இரண்டும் மறுபடி சந்திப்பதில்லை. மலை முகடும் அப்படித்தான்.

சிறுத்தை ஒரே இரவில் அந்த முகட்டைத் தாண்டிவிடும். பறவைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மீனுக்கோ அது வானம் முட்டும் சுவர். கடல் வரை போய் அடுத்த ஆற்றின் முகத்துவாரத்தில் நுழையலாமே என்றால், உப்பு நீர் நன்னீர் மீனைக் கொன்றுவிடும். ஆகவே ஒவ்வொரு ஆற்றுப் படுகையும் நிலம் சூழ்ந்த ஒரு தீவு. பல லட்சம் ஆண்டுகள் தனித்திருந்த மீன்கள் தங்கள் ஆற்றின் பாறைக்கும் வெள்ளத்துக்கும் ஏற்றபடி தனித்தனியே மாறின.

விதிவிலக்குகளும் உண்டு. விராலும் பனையேறிக் கெண்டையும் காற்றை நேரடியாகச் சுவாசிக்கக் கூடியவை. மழை இரவில் ஈர வயலில் ஊர்ந்தே அடுத்த குட்டைக்குப் போய்விடும். அதனால்தான் ஏரிதோறும் அவை இருக்கின்றன. மகசீர் அப்படியல்ல. அதற்கு ஓடும் நீர் வேண்டும், ஆழமான பாறை மடு வேண்டும், முட்டையிடக் கூழாங்கல் படுகை வேண்டும்.

காவிரியின் மகசீருக்கு முதுகில் திமில், துடுப்புகளில் ஆரஞ்சு நிறம். காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக இல்லை. 1946-இல் கபினியில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. எச். எஸ். தாமஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி தூண்டில் மீன்பிடிப்பு பற்றி எழுதிய நூல் வந்த 1873 முதலே உலகத்துத் தூண்டில்காரர்களிடம் இந்த மீனுக்குப் பெரும்புகழ். ஆனாலும் அறிவியலில் அதற்கு உறுதியான பெயர் இல்லாமலே இருந்தது! கேரளத்தில் பிறந்து அமராவதி வழியாகக் காவிரியை அடையும் பாம்பாற்றில் கிடைத்த ஒரு மகசீருக்கு, 2007-இல், மீனியல் அறிஞர் ரெமாதேவியைப் பெருமைப்படுத்தும் விதமாக ‘டோர் ரெமாதேவி’ என்று பெயர் வைத்தார்கள். மோயாற்றில் பிடித்த திமில் மகசீரின் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று 2018-இல்தான் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. பெயர் கிடைப்பதற்குள் ஆள் போய்விடும் நிலை.

எல்லை என்பது உயிருக்கு உயிர் மாறும். அமேசானில் அலைந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், ஆற்றின் ஒரு கரையில் இருக்கும் குரங்கு மறுகரையில் இல்லை என்று 1852-இல் எழுதினார். எந்தக் குரங்குக்கு எந்தக் கரை என்பது உள்ளூர் வேட்டைக்காரர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அங்கே ஆறு மதில். காவிரிக் கரையில் வாழும் நரை மலையணிலுக்கோ ஆறே நெடுஞ்சாலை. நீர்மருதும் புளியும் கிளை கோத்து நிற்கும் கரையோரத்திலேயே அது மரம் விட்டு மரம் தாவிப் போகும்; தரையில் இறங்குவது அபூர்வம். கரையை விட்டு விலகினால் வறண்ட முட்காடு; அதுதான் அதற்குச் சுவர். அதே இன அணில் இலங்கையிலும் இருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இன்று பாக் நீரிணை இருக்கும் இடம் அன்று தரை; கடல் அப்போது சுவராக நிற்கவில்லை.

இப்போது இரண்டாவது கேள்வி. குஞ்சு விடுவதை ஏற்கெனவே செய்து பார்த்தாகிவிட்டது. கிருஷ்ணா படுகையைச் சேர்ந்த நீலத்துடுப்பு மகசீரை மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பெருக்கி, நல்லெண்ணத்தோடுதான் காவிரியிலும் விட்டார்கள். கர்நாடகப் பகுதிக் காவிரியில் தூண்டில் போட்டுப் பிடித்து விட்டவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன. 1998 முதல் 2012 வரையிலான அந்தக் கணக்கை ஆய்வாளர்கள் புரட்டியபோது, நீலத்துடுப்பு பெருகிக்கொண்டே போயிருந்தது. திமில் மகசீரோ எண்ணிக்கையில் குறைந்து, கிடைத்தவையும் கிழட்டுப் பெருமீன்களாக இருந்தன. இளம் மீன்கள் வரவில்லை. அணையும், மணல் கொள்ளையும், தோட்டா போட்டு மீன் பிடிப்பதும் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்த மீனுக்கு அடுத்த படுகையிலிருந்தும் போட்டி வந்து சேர்ந்தது. பல லட்சம் ஆண்டுகள் மலை காத்த எல்லையை லாரியில் வந்த குஞ்சுகள் ஒரே நாளில் தாண்டிவிட்டன. மகசீர் என்று பொதுப்பெயர் சொல்லி, எந்த ஆற்று மகசீர் என்று கேட்காமல் விட்டதன் விளைவு இது.

ஒகேனக்கலில் வறுவலுக்குப் பெயர்போன கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளிக்காரர்கள். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஜிலேபி மீன் 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. பசிக்கும் பிழைப்புக்கும் அவை உதவுவதை மறுப்பதற்கில்லை. ஆனால் வளர்ப்பு மீனைக் குட்டையில் வளர்ப்பது வேறு, ஆற்றில் திறந்துவிடுவது வேறு.

ஆகவே அரூர் வாசகர் குஞ்சு தேட வேண்டாம். தென்பெண்ணைக்கும் சொந்த மீன்கள் உண்டு. பல, பெருவிரல் நீளம்கூட இல்லாதவை, சந்தைக்கே வராதவை. அனுமந்தீர்த்தம் பக்கம் வலை வீசும் பெரியவர்களிடம் உட்கார்ந்து, எந்த மடுவில் எந்த மீன், அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன, எந்த மழைக்கு அது மேலேறும், எது கண்ணில் பட்டு எத்தனை வருடமாயிற்று என்று கேட்டு எழுதி அனுப்பட்டும். அடுத்த கட்டுரைக்கு அந்தப் பட்டியல் வேண்டும்.